மரப் பேனாவுக்குப் பசை மெருகு: புதிதாகத் தொடங்குவோருக்கு

சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் எழுதுபவரின் விரல்கள் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். அந்த வியர்வையும் அதிலுள்ள உப்பும் தோலின் எண்ணெயும் நாள்தோறும் ஒரே இடத்தில் படுவதால், மெழுகு மட்டும் தேய்த்த மரப் பேனா விரல் பிடிக்கும் பகுதியில் விரைவிலேயே கறுத்து மங்கிவிடுகிறது. அரக்கு மெருகு அழகில் குறைந்ததன்று. சுழலும் கட்டையின் மீது அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே அதை உருக்கிப் படரவிடும் முறையைக் கடைசல் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறார்கள். சொப்புச் சாமானுக்கும் பம்பரத்துக்கும் அது மிகவும் பொருத்தமானது. ஆனால் அரக்கு சூட்டில் இளகும், சானிடைசரில் உள்ள ஆல்கஹால் பட்டால் கரையும் என்பதால், சட்டைப் பையிலும் கையிலுமாக இருக்கும் பேனாவில் அது நீடித்து நிற்பதில்லை. ஆகவேதான் பேனா கடைவோர் பலர் சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசையையே மேற்பூச்சாகப் பூசுகிறார்கள்.

நாம் கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் பசை இந்த வகையைச் சேர்ந்ததே. இதன் ஒட்டும் ஆற்றலை 1951இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரும் பிரெட் ஜாய்னரும் உணர்ந்தார்கள். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. ஒட்டுவதற்கென்று வந்த பொருள் மெருகுக்கும் பயன்படக் காரணம், உறைந்த பின் அது கடினமான, நிறமற்ற பிளாஸ்டிக் படலமாக மாறிவிடுவதுதான். அந்தப் படலத்தின் மொத்தக் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் என்பதைப் புதியவர் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும், அந்த மெல்லிய படலத்தைச் சீராக வளர்ப்பதற்கும், வளர்த்ததைத் தேய்த்தே அழித்துவிடாமல் காப்பதற்கும் உரியது. பளபளப்புக்காகப் பசையைக் கூடுதலாக ஊற்றுபவருக்கு மேடும் பள்ளமுமான பூச்சுதான் கிடைக்கும்; பளபளப்பு கடைசித் தேய்ப்பில்தான் வரும்.

கட்டையில் துளையிட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, மாண்ட்ரலில் (கட்டையைக் கோத்துச் சுழலவிடும் தண்டில்) ஏற்றி, லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் உருவம் கடைந்து முடித்த நிலையிலிருந்து இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

வாங்க வேண்டியவை

பசை இரண்டு பதங்களில் தேவைப்படும். ஒன்று தண்ணீர் போல ஓடி மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்குவது. மற்றொன்று நல்லெண்ணெய்ப் பதத்தில் மேற்பரப்பில் தங்கிக் கனம் தருவது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சிறிய டியூப் முதல் வகையை ஒத்தது. ஒரு துண்டுக் கட்டையில் பழகிப் பார்க்க அது போதும். முழுப் பேனாவுக்கு 20 கிராம் அல்லது 50 கிராம் புட்டியாக வாங்குவது நல்லது. வாங்கும்போது தயாரிப்பு நாளைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக் கடையில் நாள்பட்டுக் கிடந்த பசை புட்டிக்குள்ளேயே தடித்துப்போயிருக்கும். அது சீராகப் படராது. வீட்டுக்கு வந்த பின் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நிழலில் வைக்க வேண்டும்.

பிளைவுட் கடைகளில் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வேலைக்கென்று பசைப் புட்டியும், பசையை உடனே உறையவைக்கும் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரேயும் சேர்ந்த தொகுப்பு கிடைக்கிறது. அந்தப் பசை பலகைகளின் மூலைகளை இணைப்பதற்கானது. மெருகுக்கு அது மிகவும் தடிப்பு. ஸ்ப்ரே மட்டும் அவசரத்துக்கு உதவும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தேய்ப்பதற்கு 180, 240, 320, 400, 600 எண் உப்புத்தாள்கள் மரத்துக்கும், 600 முதல் 2000 வரையிலான வாட்டர் பேப்பர் பூச்சுக்கும் வேண்டும். வாட்டர் பேப்பரையும், கடைசி மெருகுக்கான ரப்பிங் காம்பவுண்ட் என்னும் பசைக்குழம்பையும் மரச் சாமான் கடைகளில் தேடி அலைய வேண்டியதில்லை. கார், பைக்குகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் சாமான் வாங்கும் கடைகளில் அவை எளிதாகக் கிடைக்கும். 12000 வரை செல்லும் மைக்ரோ மெஷ் என்னும் மிக நுண்ணிய தேய்ப்பு அட்டைகளை இணையத்தில் வாங்கலாம். அவை வேலையை எளிதாக்கும் என்றாலும் முதல் பேனாவுக்குக் கட்டாயமில்லை.

பூசுவதற்கு அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் பயன்படுத்துங்கள், துணியை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பட்டறை என்றாலே கைக்கெட்டும் தூரத்தில் பனியன் வேஸ்ட்டும் பழைய வேட்டித் துண்டும் இருப்பது நம் வழக்கம். கை தானாக அதைத்தான் எடுக்கும். பருத்தி இழையில் இந்தப் பசை பட்டால் மிக வேகமாக உறைந்து கடும் சூட்டை வெளியிடும். புகை எழும்பும், தோல் வெந்துபோகும் அளவுக்கும் செல்லும். போதாக்குறைக்கு, சுழலும் மாண்ட்ரலில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பருத்திக் கையுறையும் இதே காரணத்தால் கூடாது; நைட்ரைல் கையுறையே பொருத்தமானது, அதுவும் கையோடு இறுகப் பொருந்துவதாக இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டையை மடித்துவிடுங்கள். துப்பட்டாவோ தொங்கும் சங்கிலியோ வேண்டாம்.

பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தூசுக்கு அணியும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆகவே ஜன்னலருகே, எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்படியான இடத்தில் லேத்தை வைத்துக்கொள்வது நல்லது. மேலிருந்து சுழலும் மின்விசிறி ஆவியை முகத்துக்கே திருப்பிவிடும் என்பதால் பூசும் நேரத்தில் அதை நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். அசிட்டோனும் கரைக்கும், ஆனால் அதைக் கண்ணருகே கொண்டுசெல்லக் கூடாது. கண்ணில் பசை தெறித்தால் இமையை வலிந்து திறக்காமல் தண்ணீரால் கழுவியபடி உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மரம்

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது சீமைக்கருவேலம். கண்மாய்க் கரைகளை எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மரத்தின் மீது நம் விவசாயிகளுக்கு இருக்கும் மனக்குறை நியாயமானது. அதை வெட்டி அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஒரு கட்டத்தில் உத்தரவிட்டது. ஆனால் விறகாகவும் மூட்டக் கரியாகவும் போகும் அதே மரத்தின் வைரம் பாய்ந்த பகுதி செம்பழுப்பு நிறத்தில், நெருக்கமான இழையோடு, கடைவதற்கு உறுதியாக இருக்கும். காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரங்களில் அதுவும் ஒன்று என்பதால், பூச்சு பின்னாளில் வெடிக்கும் வாய்ப்பும் குறைவு. வெளிறிய பகுதியை விலக்கிவிடுங்கள். அதில் வண்டு துளைத்திருக்கும். பூவரசும் வாகையும் நன்றாகவே வரும். பனங்கட்டையின் கறுப்பு வரிகள் பேனாவில் மிக அழகாகத் தெரியும் என்றாலும், கடினமான நார்களுக்கு இடையே மென்மையான திசு இருப்பதால், நீர்த்த பசையைப் பலமுறை ஊற்றி உறுதிப்படுத்தாமல் அதைக் கடையவே முடியாது. இரண்டாவது, மூன்றாவது பேனாவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையான எண்ணெய் உண்டு. அது பசை பிடிப்பதைத் தடுக்கும். அவற்றைக் கடைய விரும்பினால், பூசுவதற்குச் சற்று முன்பாக அசிட்டோன் நனைத்த டிஷ்யூவால் மேற்பரப்பைத் துடைத்து, அது உலர்ந்தவுடன் முதல் பூச்சைப் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெட்டிய கட்டையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்துவந்தால், எடை குறைவது நின்ற நிலையில் அது நம் ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். ஈரக் கட்டையின் மீது எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும், உள்ளே மரம் சுருங்கும்போது பூச்சு கீறிவிடும்.

பூசுவதற்கு முன் தேய்ப்பு

கட்டையின் இரு முனைகளிலும் மாண்ட்ரலில் மாட்டியிருக்கும் உலோக வளையத்துக்குப் புஷ் என்று பெயர். மரத்தின் விட்டம் அந்தப் புஷ்ஷின் விட்டத்தைவிட நூலிழை குறைவாக இருக்கும்படி கடைந்துகொள்ளுங்கள். பூச்சின் கனம் அந்த இடைவெளியை நிரப்பி, உலோகப் பாகங்களோடு சமமாக வந்து நிற்கும். பின்பு 180இல் தொடங்கி 600 வரை ஒவ்வொரு எண்ணாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வோர் எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, அதே தாளால் இழை ஓடும் திசையில் நீளவாக்கில் சில முறை தேய்த்தால், சுழற்சியில் விழுந்த வட்டக் கோடுகள் மறையும். இந்தச் சிறு வேலையை விட்டுவிட்டால், தெளிந்த பூச்சுக்குக் கீழே அந்தக் கோடுகள் உருப்பெருக்கியில் பார்ப்பதுபோல் தெரியும். பிறகு அவற்றைப் போக்க பூச்சு முழுவதையும் எடுப்பதைத் தவிர வழியில்லை. செல்போன் விளக்கைக் கட்டைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் கீறல்கள் தென்படும். தாளை அழுத்திப் பிடிக்காதீர்கள். சூடேறினால் மரத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழும், உள்ளே குழாயைப் பிடித்திருக்கும் பசையும் இளகும்.

தேய்த்த தூசியை ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; அந்த மாதங்களில் புழுதி பட்டறைக்குள் எந்த வழியாகவும் நுழையும் என்பதால், காற்று வரும் பக்கத்து ஜன்னலை மூடிக்கொண்டு, தரையில் சிறிது தண்ணீர் தெளித்த பின் பூசத் தொடங்குவது நல்லது.

உலோகப் புஷ்ஷோடு சேர்த்தே பூசினால், பசை இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். அந்தப் புஷ்களைக் கழற்றிவிட்டு, வெள்ளை ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக்கில் கூம்பு வடிவில் கடைந்த புஷ்களை மாட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்த வழி. அந்தப் பிளாஸ்டிக்கில் இந்தப் பசை எளிதில் பிடிக்காது. லேத் பட்டறை வைத்திருக்கும் எவரிடமும் ஒரு பிளாஸ்டிக் தண்டைக் கொடுத்து இவற்றைக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அது இயலாதபோது உலோகப் புஷ்ஷின் மீது மெழுகைத் தேய்த்துக்கொள்ளுங்கள். மெழுகு மரத்தின் மீது ஒரு துளிகூடப் படக் கூடாது.

பூச்சு

இந்தப் பசையில் ஆவியாகிப் போகும் கரைப்பான் எதுவும் இல்லை. காற்றிலும் மரத்தின் மேற்பரப்பிலும் உள்ள ஈரம் தூண்டிவிடுவதால் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பருவத்துக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ள முடியும். பங்குனிக்குப் பின் வரும் உலர்ந்த பிற்பகல்களில் காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் பசை பிடிக்கக் கூடுதல் நேரமாகும்; அந்த நாள்களில் காலை வேளையே நல்லது, அல்லது அறையில் ஓர் ஈரத் துணியைத் தொங்கவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது நிலைமை தலைகீழாகும். பசை பரவுவதற்குள் பிடித்துக்கொள்ளும், மேற்பரப்பில் வெண்பனி போன்ற மங்கல் படியும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாள்வரை பொறுத்திருப்பதே அப்போது சரியான முடிவு.

லேத்தை நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்று வேகத்தில் ஓடவிடுங்கள். டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்குப் பல மடிப்பாக மடித்து, கட்டையின் அடிப்பக்கத்தில் லேசாகத் தொடும்படி இடக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கையால் நீர்த்த பசையை இரண்டு, மூன்று துளிகள் கட்டையின் மேற்பக்கத்தில் விட்டபடியே டிஷ்யூவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தி, திரும்பக் கொண்டுவந்து, உடனே எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினாலோ, இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்யலாம் என்று ஆசைப்பட்டாலோ, பாதி பிடித்த பசை டிஷ்யூவின் நாரையும் இழுத்துக்கொண்டு கரடுமுரடாகிவிடும். சரியாகப் படராத இடத்தை அடுத்த பூச்சுக்கு விட்டுவிடுவதே நல்லது. ஒவ்வொரு பூச்சுக்கும் டிஷ்யூவின் புதிய மடிப்பைப் பயன்படுத்துங்கள். பசை ஊறிய தாள்களைக் குப்பைக் கூடையில் அமுக்கி வைக்காமல், தண்ணீர் உள்ள தகர டப்பாவில் போடுங்கள். அவையும் சூடாகக் கூடியவை.

நீர்த்த பசையில் இரண்டு அல்லது மூன்று பூச்சு போதும். அவை மரத்துக்குள் இறங்கி, இழைகளை இறுக்கி அடித்தளம் அமைக்கும். லேத்தை நிறுத்தி, கட்டையின் இரண்டு முனைகளிலும் ஒரு சொட்டு வைத்து அந்தக் குறுக்கு வெட்டு முகங்களையும் அடைத்துவிடுங்கள். பின்பு தடித்த பசையில் ஐந்து அல்லது ஆறு பூச்சு. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு, மூன்று நிமிடம் விடுங்கள். மேற்பரப்பில் ஈரமான மினுமினுப்பு நிலைத்த பளபளப்பாக மாறுவதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் காணலாம். நடுவில் ஒருமுறை லேத்தை நிறுத்திப் பார்த்து, வரப்பு போல் மேடு தட்டியிருந்தால் 400 தாளால் லேசாகச் சமன் செய்து, தூசியைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

ஆக்டிவேட்டர் ஸ்ப்ரேயைக் கூடியவரை தவிர்க்கவே சொல்வேன். அதை அருகிலிருந்து அடித்தால் பசை நொடியில் கொதித்ததுபோல் உறைந்து, உள்ளே வெண்ணிறக் குமிழ்கள் தங்கிவிடும். தவிர்க்க முடியாதபோது ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்திலிருந்து, ஒரே ஒரு மெல்லிய தூவல் போதும். பசையோடு ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் சேர்த்துப் பூசும் முறையும் உண்டு. கை பழகிய பின் அதை முயன்று பார்க்கலாம்.

கடைசிப் பூச்சு முடிந்ததும் அன்றிரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் உட்பகுதி இறுகப் பல மணி நேரம் பிடிக்கும்.

சமன் செய்தலும் மெருகும்

மறுநாள் 600 எண் வாட்டர் பேப்பரை ஒரு சிறு தட்டையான கட்டையில் சுற்றி, மிக லேசாகத் தேயுங்கள். சற்று நேரத்தில் பெரும்பகுதி மங்கி, அங்கங்கே சில இடங்கள் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். மினுங்கும் இடங்கள் பள்ளங்கள். தாள் இன்னும் அவற்றைத் தொடவில்லை. கட்டை முழுவதும் ஒரே மங்கலாகும்வரை தேய்த்து, அந்த நொடியில் நிறுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் தூசியின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்: வெள்ளைத் தூசி என்றால் பசையில் இருக்கிறீர்கள், அதில் மரத்தின் நிறம் கலந்தால் படலத்தைக் கடந்து மரத்தைத் தொட்டுவிட்டீர்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்து, அவை மறையும்வரை தேய்த்தால் மரம் வந்துவிடும் என்று தோன்றினால், வலிந்து தேய்க்காமல் துடைத்துவிட்டு இன்னும் மூன்று பூச்சு போட்டுவிட்டுத் திரும்ப வருவதே அறிவுடைமை. மரம் வெளிப்பட்டுவிட்டாலும் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முயலாதீர்கள். ஓரம் வளையமாகத் தெரியும். முழுக் கட்டைக்கும் மீண்டும் பூசுங்கள்.

அடுத்து 800, 1000, 1500, 2000 என்று தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ஓரிரு சொட்டு நீர் போதும். முனைகள் அடைபடாமல் இருந்தால் நீர் மரத்துக்குள் ஏறி, பூச்சை உள்ளிருந்து கிளப்பிவிடும். எண் மாறும்போதெல்லாம் முந்திய தாளின் சேற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். இங்கேயும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்ப்பதை விடாதீர்கள். 2000 முடிந்ததும் ரப்பிங் காம்பவுண்டைப் பட்டாணி அளவு எடுத்து, டிஷ்யூவில் வைத்து, குறைந்த வேகத்தில் தேயுங்கள். குழல்விளக்கின் பிம்பம் கட்டையின் மீது ஓரம் கலையாமல் நேர்கோடாக விழுந்தால் மெருகு முடிந்தது.

கழற்றுதலும் பொருத்துதலும்

புஷ்ஷும் மரமும் சேரும் இடத்தில் பசை மெல்லிய பாலமாகப் படிந்திருக்கும். அதைக் கூர்மையான பிளேடால் சுற்றிலும் கீறிவிட்டு, புஷ்ஷைத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் முனையில் பூச்சு செதிலாகப் பெயரும். பிறகு கண்ணாடித் துண்டின் மீது 400 தாளை விரித்து, கட்டையை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, முனையில் துருத்திக்கொண்டிருக்கும் பசையை மட்டும் தேய்த்தெடுங்கள். குழாயின் உள்வாயில் பசை புகுந்திருந்தால் வட்ட அரத்தால் எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரு துணுக்கு இருந்தாலும் பாகத்தை அழுத்தும்போது மரம் பிளக்கும்.

முனைகளில் வெண்மையாகப் பூச்சு கிளம்பியிருந்தால், நீர்த்த பசை ஒரு சொட்டை அந்த விளிம்பில் வைத்தால் பெரும்பாலும் உள்ளே ஊறிச் சரியாகிவிடும். பூச்சு முழுவதும் மங்கலாகவோ குமிழாகவோ இருந்தால், 240 தாளால் மரம்வரை தேய்த்தெடுத்துத் தொடக்கத்திலிருந்து பூசலாம். அசிட்டோனில் ஊறவைத்தால் உள்ளே குழாயைப் பிடித்திருக்கும் பசையும் தளரக்கூடும் என்பதால் அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

கிளிப்பையும் முனையையும் பொருத்த இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மிச்சமிருக்கும் பசையின் ஆவி மூடிய குழாய்க்குள் தங்கினால் பளபளப்பான உலோகப் பாகங்களில் வெள்ளையாகப் படியும். அழுத்துவதற்குத் தனிக் கருவி இல்லையென்றால், பட்டறை வைஸின் இரு தாடைகளிலும் மரத்துண்டுகளை வைத்து, பாகம் குழாய்க்கு நேராக நிற்பதைப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியைக் கால் சுற்றாகத் திருகி மெல்ல உள்ளே செலுத்துங்கள்.